டிஎக்ஸ்7 வாங்காமல் டிஎக்ஸ்7 ஒலி: மேடைக்கு எது தேவை?

கொளத்தூரிலிருந்து மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எண்பதுகளின் பாட்டுகளை மேடையில் வாசிக்கும்போது அந்தப் பழைய டிஜிட்டல் பியானோ, மணி, பேஸ் எல்லாம் அசல் மாதிரியே வர வேண்டும். செகண்ட் ஹேண்டில் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் தேடலாமா? இல்லை, இன்றைய ஹார்டுவேரிலேயே அந்த ஒலி கிடைக்குமா? லேப்டாப்பில் டிஎக்ஸ்7 ஒலி தரும் டெக்ஸ்டு (Dexed) என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். டோன் அதேதான், ஆனால் மெலிசாக, காதில் குத்துகிற மாதிரி இருக்கிறது."

கிடைக்கும். டிஎக்ஸ்7 தேடி அலைய வேண்டாம். ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்ன வரியில்தான் விஷயம் இருக்கிறது. டெக்ஸ்டு கணக்கைத் தப்பாகப் போடவில்லை. டிஎக்ஸ்7-க்கு உள்ளே போன விரலின் அழுத்தமும், வெளியே வந்த ஒலி கடந்துபோன பாதையும் உங்கள் லேப்டாப்பில் இல்லை. இந்த இரண்டு முனைகளையும் சரிசெய்துவிட்டால் நடுவில் எந்தப் பெட்டி இருந்தாலும் கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பலரும் நடுப்பெட்டிக்கே காசைக் கொட்டிவிட்டு, இன்னும் ஏதோ குறைகிறதே என்று அடுத்த பெட்டியைத் தேடுகிறார்கள்.

முதலில் அந்த நடுப்பெட்டியைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் மர்மம் எதுவும் இல்லை. டிஎக்ஸ்7 ஒலியை உண்டாக்கும் எஃப்எம் (ஃப்ரீக்வென்ஸி மாடுலேஷன்) முறையை 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்தார், 1973-இல் கட்டுரையாக எழுதினார். யமஹா அதற்கு உரிமம் வாங்கி, பல வருடம் உழைத்து, 1983-இல் டிஎக்ஸ்7-ஐ வெளியிட்டது. ஒரு சைன் அலை இன்னொரு சைன் அலையை அசைக்கிறது, அவ்வளவுதான் அடிப்படை. ஒரு சுரத்துக்கு ஆறு ஆபரேட்டர்கள் (சைன் அலையை உண்டாக்கும் பகுதிகள்), அவற்றைக் கோத்துக்கொள்ள 32 அல்காரிதம்கள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள். ஆக மொத்தம் 96 ஆபரேட்டர்களை நொடிக்கு ஏறத்தாழ 49,096 முறை கணக்கிட வேண்டும். அந்தக் காலத்துச் சிப்பில் இத்தனை பெருக்கல் போட வசதி கிடையாது. அதனால் சைனின் லாகரிதத்தையே அட்டவணையாகச் சிப்புக்குள் வைத்து, பெருக்கலைக் கூட்டலாக மாற்றிவிட்டார்கள். பள்ளியில் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டியவர்களுக்கு இது பழக்கப்பட்ட வேலைதான். கென் ஷிரிஃப் என்ற பொறியாளர் சில வருடங்களுக்கு முன்பு அந்தச் சிப்பின் உள்ளே படமெடுத்து, கணக்கு எந்த வழியில் ஓடுகிறது என்று படிப்படியாக விளக்கி எழுதியிருக்கிறார்.

டோனும் அப்படித்தான். ஒரு டிஎக்ஸ்7 டோன் என்பது 155 எண்கள். 32 டோன் கொண்ட ஒரு பேங்க் மொத்தமே 4,104 பைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. 1983-இல் சேமித்த அதே எண்களை இன்றைய நிரலில் ஏற்றலாம், எதையும் காதால் கேட்டு நகலெடுக்க வேண்டிய அவசியமில்லை. சௌனிங்கின் காப்புரிமையும் தொண்ணூறுகளின் நடுவிலேயே காலாவதியாகிவிட்டது. அதனால்தான் இத்தனை இலவச வடிவங்கள். கூகுளில் இருந்த ராஃப் லெவியன் ஆண்ட்ராய்டுக்காக எழுதிய எஃப்எம் நிரலை எடுத்து பாஸ்கல் கோத்தியே டெக்ஸ்டாக்கினார். அந்தக் கணக்கைச் சின்ன ஹார்டுவேருக்கு ஏற்றபடி ஹோல்கர் விர்ட்ஸ் மாற்றினார். அதிலிருந்துதான் ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினிப் பலகையில் ஓடும் மினிடெக்ஸ்டு பிறந்தது. உங்களுக்கு நான் சொல்லப்போவது அதைத்தான்.

அதற்கு முன்னால் விரல். டிஎக்ஸ்7-இன் முதல் பேங்க்கில் இருக்கும் இ.பியானோ 1 டோனைத் திறந்து பாருங்கள். எண்பதுகளில் உலகம் முழுக்கக் காதலித்த அந்தக் கண்ணாடிப் பியானோ இதுதான். அல்காரிதம் 5. அதாவது மூன்று ஜோடிகள், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று ஒலிக்கிறது, மற்றது அதை அசைக்கிறது. இரண்டு ஜோடிகளில் விகிதம் 1-க்கு 1, அவைதான் பியானோவின் உடம்பு. அதில் ஒரு ஜோடியில் ஆபரேட்டர் 6 சுருதியில் ஏழு நுண்ணிய படி ஏற்றியும், ஆபரேட்டர் 5 ஏழு நுண்ணிய படி இறக்கியும் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த லேசான அலைவு அங்கிருந்துதான் வருகிறது. மூன்றாவது ஜோடியில் ஆபரேட்டர் 2-இன் விகிதம் 14. நீங்கள் 440 ஹெர்ட்ஸ் வாசித்தால் அது 6,160-இல் அசைக்கும். அந்த 'டிங்' அதுதான். அதன் அளவு 99-க்கு 58 மட்டுமே.

இப்போது ஒவ்வொரு ஆபரேட்டரும் விரலின் அழுத்தத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்ற எண்ணைப் பாருங்கள். 0-இலிருந்து 7 வரை போகும். ஒலிக்கிற மூன்று ஆபரேட்டர்களில் இரண்டுக்கு 2, ஒன்றுக்கு 0. அசைக்கிற மூன்றில் இரண்டுக்கு 6, அந்த 'டிங்'குக்கு முழு 7. அழுத்தி வாசித்தால் சத்தம் கொஞ்சம்தான் கூடும், நிறம் ஒரேயடியாக மாறும் என்று அர்த்தம். மெதுவாகத் தொட்டால் உருண்டையான பியானோ, ஓங்கித் தட்டினால் உலோகம். இந்த டோனின் உயிர் இந்த நாலு எண்களில்தான் இருக்கிறது.

விரலின் அழுத்தத்தை மிடி (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) 127 வரையிலான எண்ணாக அனுப்பும். முதல் டிஎக்ஸ்7-இன் கீபோர்டு சாதாரண வாசிப்புக்கு 127 வரை போகாது, 100-ஐ ஒட்டியே நின்றுவிடும். டோன்களைச் செய்தவர்கள் அந்தக் கீபோர்டின் மேல் கை வைத்துத்தான் செய்தார்கள். இன்றைய கன்ட்ரோலரோ (மிடி அனுப்பும் கீபோர்டு) கொஞ்சம் வேகமாகத் தட்டினாலே 127 அனுப்பும். மேடையில் டிரம்ஸ் சத்தத்தில் நாமும் பழக்கத்தில் ஓங்கித்தான் தட்டுவோம். விளைவு, அந்த 'டிங்' எப்போதும் உச்சத்தில் நிற்கிறது, உடம்பு அதே இடத்தில் கிடக்கிறது. உங்கள் காதில் குத்துவது இதுதான். குத்துகிறதே என்று சவுண்ட் ஆள் டிரெபிளைக் குறைப்பார், அப்புறம் மிச்சமிருப்பது மெலிசான பியானோ.

டெக்ஸ்டில் வெலாசிட்டியை, அதாவது அந்த அழுத்த எண்ணை, டிஎக்ஸ்7 அளவுக்குச் சுருக்கிக்கொள்ள ஒரு தேர்வு இருக்கிறது, முதலில் அதைப் போடுங்கள். ஹார்டுவேரில் வாசிக்கும்போது கன்ட்ரோலரின் டச் அமைப்பை ஒரு படி கடினமாக்கி, உச்ச அளவை 100 பக்கம் நிறுத்துங்கள். உங்கள் கீபோர்டில் அந்த வசதி இல்லையென்றால் டோனிலேயே கை வைக்கலாம். ஆபரேட்டர் 2-இன் அளவை 58-இலிருந்து ஐந்தாறு குறைத்தாலே போதும். கடையில் கன்ட்ரோலர் பார்க்கும்போது கீயின் எடை, பிளாஸ்டிக்கின் பளபளப்பை எல்லாம் விட்டுவிட்டு, மெதுவாகவும் நடுத்தரமாகவும் ஓங்கியும் மூன்று விதமாக வாசித்து இந்த ஒரு டோனில் மூன்று நிறம் வருகிறதா என்று பாருங்கள். மவுண்ட் ரோட்டில் மியூசி மியூசிகல் மாதிரி நின்று வாசித்துப் பார்க்க விடும் இடத்தில் வாங்குவது நல்லது. ஆன்லைனில் படம் பார்த்து வாங்கும் பொருள் இல்லை இது. என் கணக்கில் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கன்ட்ரோலருக்குப் போவதே நியாயம்.

அடுத்தது வெளிவரும் முனை. டிஎக்ஸ்7 எண்களை ஒலியாக மாற்றும் இடத்தில் இருந்தது 12 பிட் மாற்றி. அதை வைத்துப் பெரிய ஒலி, சின்ன ஒலி இரண்டையும் சமாளிக்க, ஒலி பெரிதாகும்போது ஒரு படி, சிறிதாகும்போது ஒரு படி என்று அளவை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு செய்தார்கள். அதனால் இரைச்சலும் ஒலியோடு சேர்ந்து ஏறி இறங்கும். நீண்ட சுரம் அடங்கும்போது அடியில் ஒரு மணல் சத்தம் வருவதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்து வந்த டிஎக்ஸ்7 இரண்டாம் மாடலில் இதைச் சரிசெய்து 16 பிட் ஆக்கினார்கள். சுத்தமானது, ஆனால் பழையதற்குத்தான் இன்றும் ரசிகர்கள் அதிகம்.

இன்னொன்று மடிப்பு. எந்த டிஜிட்டல் கருவியிலும் மாதிரி வேகத்தில் (நொடிக்கு எத்தனை முறை கணக்கிடுகிறது என்பதில்) பாதிக்கு மேல் போகும் அதிர்வெண் திரும்ப மடிந்து கீழே வந்து விழும். எங்கே விழும் என்பது அந்த வேகத்தைப் பொறுத்தது. அதே இ.பியானோ 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டின் மேல் கடைசியில் 1,760 ஹெர்ட்ஸ் ஒலிக்கும் கீயை வாசிக்கிறீர்கள். 14 மடங்கு 24,640. அதனால் பிறக்கும் இரண்டாவது பக்க அலை (அசைவால் தோன்றும் கூடுதல் அதிர்வெண்) 1,760-உடன் 49,280 சேர்ந்து 51,040 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். டிஎக்ஸ்7-இன் வேகம் 49,096 என்பதால் அது மடிந்து 1,944-இல் விழும், அதாவது நீங்கள் வாசித்த சுரத்துக்குப் பக்கத்திலேயே. லேப்டாப் 44,100-இல் ஓடினால் அதே அலை 6,940-இல் விழும். 48,000-இல் ஓடினால் 3,040. டோன் ஒன்றுதான், எண்கள் ஒன்றுதான், ஆனால் வேண்டாத விருந்தாளி வந்து உட்காரும் இடம் மட்டும் வேறு. இந்த டோனில் இது மிக மெல்லியது, மேடையில் கேட்காது. உலோக மணி, காங் மாதிரி அசைவு அதிகமுள்ள டோன்களில் மேல் ஸ்தாயியில் நன்றாகவே கேட்கும். சிலர் "அசலில் மேலே வாசித்தால் ஒரு அழுக்கு இருக்கும், இதில் வேறு அழுக்கு" என்பார்கள். அவர்கள் காது பொய் சொல்லவில்லை. ஸ்டூடியோ வேலைக்கு அந்த அளவு துல்லியம் வேண்டுமென்றால் சிப்பையே பின்பற்றும் ப்ளோக் நிறுவனத்தின் ஓபிஎஸ்7 போன்ற மென்பொருள் இருக்கிறது. திருமண வரவேற்புக்கு அது தேவையில்லை. டெக்ஸ்டிலும் மினிடெக்ஸ்டிலும் கணக்கு முறையை 'மாடர்ன்' என்பதிலிருந்து 'மார்க் 1' என்று மாற்றும் வசதி உண்டு. மாற்றினால் அந்தப் பழைய சொரசொரப்பில் ஒரு பகுதி திரும்ப வரும். ஒருமுறை மாற்றிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஒலியை நாம் எங்கே கேட்டோம் என்பது. டிஎக்ஸ்7-இல் எஃபெக்ட் எதுவும் கிடையாது. கோரஸ் இல்லை, ரிவர்ப் இல்லை, ஸ்டீரியோகூட இல்லை; ஒரே ஒரு மோனோ வெளியீடு. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் இருந்த ரெக்கார்டிங் தியேட்டர்களில் அது மிக்ஸருக்குள் போய், ரிவர்ப் ஏறி, இருபது வயலின்களோடு சேர்ந்து டேப்பில் பதிந்தது. அப்புறம் கேசட்டாகி, டீக்கடை டேப் ரெகார்டரிலும் பல்லவன் பஸ் ஸ்டாப் பக்கத்துப் பாட்டுக்கடையிலும் நம் காதுக்கு வந்தது. ஒவ்வொரு இடத்திலும் மேல் அதிர்வெண் கொஞ்சம் தேய்ந்தது, நடுப்பகுதி தடித்தது. உங்கள் மனதில் இருக்கும் 'அசல்' இந்தப் பயணம் முடிந்த பிறகான ஒலி. டெக்ஸ்டு கொடுப்பது பயணம் தொடங்கும் முன்பான ஒலி. அசல் டிஎக்ஸ்7-ஐ வாங்கி நேரே ஸ்பீக்கரில் சொருகினாலும் இதே மெலிசுதான் கிடைக்கும்.

ஆகவே வெளியீட்டில் இதைச் செய்யுங்கள். மெதுவான ஸ்டீரியோ கோரஸ் ஒன்று, அலைவு தெரியாத அளவுக்கு. ரிவர்ப் நீளமாக வேண்டாம், மண்டபத்திலேயே போதும் போதும் என்கிற அளவுக்கு எதிரொலி இருக்கும். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மெல்ல இறங்கும் ஈக்யூ. நடுவில் லேசான டிரைவ், டேப்பின் தடிப்புக்காக. இந்த நான்கில் ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் கோரஸைப் போடுங்கள்.

மினிடெக்ஸ்டு இங்கே இன்னொரு வழியும் கொடுக்கிறது. யமஹா எண்பதுகளிலேயே எட்டு டிஎக்ஸ்7-களை ஒரே ரேக்கில் அடுக்கி TX816 என்ற பெயரில் விற்றது. மினிடெக்ஸ்டு அதைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது. ராஸ்பெரி பை 3 அல்லது 4 இருந்தால் எட்டு டிஎக்ஸ்7 ஒரே நேரத்தில் ஓடும். இ.பியானோ 1-ஐ இரண்டு அல்லது நான்கு முறை ஏற்றி, ஒன்றைச் சுருதியில் ஒரு நூல் ஏற்றி இடப்பக்கம், இன்னொன்றை ஒரு நூல் இறக்கி வலப்பக்கம் வையுங்கள். மெலிசு என்ற பேச்சே இருக்காது.

கட்டுவது சுலபம்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மதியம் செலவழித்தால் எல்லாம் கிடைத்துவிடும்: ராஸ்பெரி பை, பிசிஎம்5102ஏ சிப் வைத்த ஊதா நிற ஆடியோ பலகை, இரண்டு வரி எல்சிடி, முடிவில்லாமல் திருகக்கூடிய ரோட்டரி என்கோடர் ஒன்று, நல்ல அடாப்டர், எஸ்டி கார்டு. ராஸ்பெரி பையின் சொந்த ஹெட்போன் துளையை நம்ப வேண்டாம். அதில் வரும் ஒலி தரம் குறைந்தது, இரைச்சல் அதிகம். ஆடியோ பலகையிலிருந்து மூன்று சிக்னல் கம்பிகள்தான்: பிட் கிளாக் ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ 18 என்ற முள்ளுக்கு, இடம் வலம் பிரிக்கும் கிளாக் 19-க்கு, டேட்டா 21-க்கு. அப்புறம் மின்சாரமும் கிரவுண்டும். பலகையைத் திருப்பினால் பின்புறம் நான்கு குட்டி சால்டர் இடங்கள் இருக்கும். ஒன்றும் இரண்டும் நான்கும் 'எல்' பக்கம், மூன்றாவது மட்டும் 'எச்' பக்கம். அந்த மூன்றாவதுதான் வாய்ப்பூட்டு. அதைச் சரியாக இணைக்காவிட்டால் எல்லாம் ஓடும், திரையில் டோன் பெயர் வரும், சத்தம் மட்டும் வராது. முன்புறம் எஸ்சிகே என்று எழுதிய இடத்தையும் கிரவுண்டோடு இணைத்துவிடுங்கள். கடையில் "பலகை செத்துப்போச்சு" என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் நிறைய இந்த ஒரு சொட்டு ஈயம் இல்லாததால்தான்.

மினிடெக்ஸ்டு கோப்புகளை எஸ்டி கார்டில் போட்டு, அமைப்புக் கோப்பில் ஒலி வெளியீட்டை ஐ2எஸ் (அந்த ஆடியோ பலகைக்குப் போகும் வழி) என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பேங்க் கோப்புகளை அதற்கான ஃபோல்டரில் போடுங்கள். கீபோர்டை யுஎஸ்பியில் சொருகுங்கள். லினக்ஸ் எதுவும் உள்ளே இல்லை, நிரல் நேரே சிப்பின் மேல் ஓடுகிறது. அதனால் சில நொடிகளில் தயாராகிவிடும். ஜெனரேட்டர் மாற்றும்போது கரன்ட் போய் வந்தாலும் லேப்டாப் மாதிரி அப்டேட் ஆகிறது, பொறுங்கள் என்று திரையில் ஓடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மேடைக்கு லேப்டாப்பை நான் சிபாரிசு செய்வதில்லை. விலை குறைந்த பை ஸீரோவின் பழைய மாடலில் ஒரே ஒரு டிஎக்ஸ்7தான் ஓடும், சுரங்களும் குறையும். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அடாப்டர் வழியாகவும் மிக்ஸர் வழியாகவும் இரண்டு இடத்தில் கிரவுண்ட் சேரும்போது 'ம்ம்ம்' என்று ஹம் வரும், சீரியல் லைட் போட்ட மண்டபத்தில் கேட்கவே வேண்டாம். கிரவுண்டைப் பிரித்து மிக்ஸருக்கு அனுப்பும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் இரண்டு எப்போதும் தோள்பையில் இருக்கட்டும்.

நம் ஆட்களுக்கு முக்கியமான ஒன்று: சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட். முதல் டிஎக்ஸ்7-இல் பெண்ட் எத்தனை படி போகும், மாட் (மாடுலேஷன்) வீல் எதை அசைக்கும் என்பதெல்லாம் டோனுக்குள் சேமிக்கப்படுவதில்லை. கருவி முழுமைக்கும் ஒரே அமைப்பு. அதனால் நீங்கள் இறக்கும் பேங்க்கில் அந்தத் தகவல் வராது. புல்லாங்குழல், நாதஸ்வரம் சாயலில் லீட் வாசிக்கும்போது கமகம் தப்பாகப் போகிறதே என்று டோனைத் திட்டுவதற்கு முன்பு பெண்ட் அளவை இரண்டு படிக்கு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

சரி, எண்பதுகளின் எஃப்எம் என்றால் எல்லாமே டிஎக்ஸ்7 என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1986-இல் புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜா பயன்படுத்தியது யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினி. அதன் எஃப்எம் பகுதியில் சுரத்துக்கு நான்கே ஆபரேட்டர்கள், எட்டு அல்காரிதம்கள், எட்டுச் சுரங்கள். சிப்பின் பெயர் ஒய்எம்2151. அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டிகளிலும் இதே சிப்தான் இருந்தது. நான்கு ஆபரேட்டர் ஒலி ஆறைவிட எளிமையானது, கொஞ்சம் முரட்டுத்தனமானது. பேஸுக்கும் துள்ளலான சீக்வென்ஸுக்கும் பிரமாதமாக இருக்கும், பியானோவுக்குச் சுமார். டிஎக்ஸ்7 பேங்க்கில் அந்தக் குணத்தைத் தேடிக் கிடைக்காமல் சலித்துப்போனவர்கள் உண்டு. புதிதாக வாங்குவதென்றால் 2015-இல் வந்த யமஹா ரிஃபேஸ் டிஎக்ஸ் நான்கு ஆபரேட்டர், எட்டுச் சுரம். கீகள் சின்னவை, ஆனால் மிடி வழியாக உங்கள் பெரிய கீபோர்டிலிருந்து வாசிக்கலாம். கோர்க் வோல்கா எஃப்எம் டிஎக்ஸ்7 டோன்களையே ஏற்றுக்கொள்ளும். முதல் மாடலில் மூன்று சுரம்தான், 2022-இல் வந்த இரண்டாவதில் ஆறு. இரண்டு கையில் கார்டு (chord) பிடிக்கிறவருக்கு இரண்டுமே போதாது.

ரோலண்டு டி-50, கோர்க் எம்1 என்ற சிந்தசைசர்களின் கதை வேறு. 1987-இல் வந்த டி-50 ஒரு சுரத்தின் தொடக்கத்துக்கு மட்டும் நிஜ ஒலித்துண்டை வைத்தது, காற்று, தட்டு, மீட்டு என்று. அதன் பின்னால் வரும் நீண்ட பகுதியைக் கணக்கால் செய்தது. காது தொடக்கத்தை வைத்துத்தான் கருவியை அடையாளம் காண்கிறது என்பது அவர்கள் கணிப்பு, சரியான கணிப்பும்கூட. கோரஸும் ரிவர்பும் உள்ளேயே இருந்ததால் அது பெட்டியிலிருந்து வெளியே வரும்போதே பெரிதாக வந்தது. அடுத்த வருடம் வந்த எம்1-இல் முழுக்க முழுக்க ஒலித்துண்டுகள்தான், மொத்தம் 4 மெகாபைட். இந்த இரண்டிலும் கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது, அந்த ஒலித்துண்டுகள் வேண்டும். அவற்றின் உரிமை இன்னும் கம்பெனிகளிடம் இருக்கிறது. யாரோ கொடுத்த பென் டிரைவில் இருக்கிறது என்று மேடையில் வாசிக்கலாம், சினிமா வேலைக்குப் போகும்போது அது தலைவலி. இவற்றுக்கு அந்தந்தக் கம்பெனியின் மறுபதிப்பையே வாங்குங்கள்: டி-50-க்கு 2017-இல் வந்த டி-05 என்ற சின்னப் பெட்டி, பழைய டோன்களை அப்படியே ஏற்கும். எம்1-க்குக் கோர்க்கின் சொந்த மென்பொருளும் ஐபேட் செயலியும் இருக்கின்றன. பழைய ஐபேட் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் தொண்ணூறுகளின் பியானோவுக்கும் ஆர்கனுக்கும் அதைவிட மலிவான வழி கிடையாது.

உங்கள் குழு எண்பதுகள்தான் அதிகம் வாசிக்கிறது என்பதால் முதலில் மினிடெக்ஸ்டும் நல்ல கன்ட்ரோலரும். தொண்ணூறுகளின் பாட்டுகள் கூடும்போது எம்1 செயலி. டி-05 கடைசியாக, கையில் காசு மிஞ்சினால்.

இத்தனைக்குப் பிறகும் அசல் டிஎக்ஸ்7 மேல் ஆசை போகவில்லையா? போகாது, எனக்குத் தெரியும். அப்படியானால் பார்க்கப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள். ஜப்பானிலிருந்து வந்ததா என்று முதலில் கேளுங்கள். அங்கே 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் சொருகினால் கதை அங்கேயே முடிந்தது. பின்புற ஒட்டுத்தாளில் வோல்டேஜ் எழுதியிருக்கும். ஆன் செய்ததும் டோன் பெயர்கள் குப்பை எழுத்தாகத் தெரிந்தால் உள்ளே பேட்டரி தீர்ந்திருக்கிறது. அது பெரிய பழுதில்லை, விலையைக் குறைத்துப் பேச நல்ல காரணம். பேட்டரியைப் பலகையில் நேரே சால்டர் செய்திருப்பார்கள். புதிதாக மாற்றும்போது ஹோல்டர் வைத்துவிட்டு, பேங்க்கை மிடி வழியாகத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொரு கீயையும் மெதுவாக, ஒரே அழுத்தத்தில் வாசித்துக்கொண்டே போங்கள். நடுவில் சில கீ திடீரென்று கத்தும், சில முனகும். அடியில் இருக்கும் மெல்லிய உலோகத் தொடர்புகள் கறுத்திருக்கின்றன என்று அர்த்தம். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் பக்கம் பல வருடம் இருந்த கருவிகளில் கடல் காற்றால் இது சகஜம். சுத்தம் செய்யலாம், ஆனால் கீபோர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், பொறுமையுள்ள ஆள் வேண்டும். திரையில் எழுத்து மங்கலாக இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், புதிதாக இருந்தபோதே அதில் வெளிச்சம் கிடையாது. அந்த மாடல் மிடியில் ஒன்றாவது சேனலில் மட்டும்தான் அனுப்பும் என்பதால், வாங்கிய பிறகு அதையே மற்றப் பெட்டிகளுக்கும் கன்ட்ரோலராக வைக்கலாம் என்ற திட்டம் இருந்தால் அதை மட்டும் இப்போதே கைவிட்டுவிடுங்கள்.